வாக்குறுதிகள் கோடிகளில், கணக்கு 2011-இல்: புதிய அரசின் 100 நாள்களும் வாக்காளர்களின் கேள்வியும்

புதுதில்லி: பிரதமர் நரேந்திர மோடி தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு மூன்றாவது முறையாகப் பொறுப்பேற்று, 2024 செப்டம்பர் 17-ஆம் தேதியுடன் 100 நாள்களை நிறைவு செய்தது. இந்தக் காலகட்டத்தில் சுமார் ரூ.15 லட்சம் கோடி மதிப்பிலான திட்டங்கள் தொடங்கப்பட்டிருப்பதாக அரசு கூறுகிறது. அறிவிப்பதும் பின்வாங்குவதுமே இந்த அரசின் வழக்கமாகிவிட்டது என்று எதிர்க்கட்சிகள் விமர்சிக்கின்றன.

இந்த இரு தரப்பு வாதங்களுக்கும் அப்பால், வாக்களித்த மக்களிடையே நடைபெறும் விவாதம் எளிமையானது. 3 கோடி வீடுகள், 4.1 கோடி இளைஞர்கள், 6 கோடி முதியோர், 81 கோடி பேருக்கு இலவச உணவு தானியம் என்று அறிவிப்புகள் அனைத்தும் கோடிகளில் வருகின்றன. அந்தக் கோடிகளில் தாமும் ஒருவரா என்பதே ஒவ்வொரு குடும்பமும் எழுப்பும் கேள்வி. அதற்கு விடை தேடிச் சென்றால், பல திட்டங்களில் அது 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் போய் முடிகிறது.

தேர்தல் முடிவு உணர்த்தியது

ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் 64 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். பாஜக 240 இடங்களில் வென்று தனிப்பெரும் கட்சியானது. ஆனால், தனிப்பெரும்பான்மைக்குத் தேவையான 272 இடங்களை எட்டவில்லை. தெலுங்கு தேசம் (16), ஐக்கிய ஜனதா தளம் (12) உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளுடன் 293 இடங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது. காங்கிரஸ் 99 இடங்களில் வென்றது.

தேர்தலுக்கு முன்பு லோக்நீதி-சிஎஸ்டிஎஸ் நடத்திய ஆய்வில், வேலையின்மையே முதன்மைப் பிரச்னை என்று 27 சதவீதம் பேரும், விலைவாசி உயர்வு என்று 23 சதவீதம் பேரும் கூறியிருந்தனர். உத்தரப் பிரதேசத்தில் 2019-இல் 62 இடங்களில் வென்ற பாஜக, இம்முறை 33 இடங்களுக்குக் குறைந்தது. ஆட்சி தொடர வேண்டும் என்று ஒரு பகுதியினரும், அதன் முன்னுரிமைகள் மாற வேண்டும் என்று மற்றொரு பகுதியினரும் கருதியதன் விளைவாகவே இந்த முடிவைப் பலர் வாசித்தனர்.

கூட்டணி அரசுகள் பொறுப்பேற்கும்போது பொதுவான செயல்திட்டம் ஒன்றை எழுத்து வடிவில் வெளியிடும் மரபு முன்பு இருந்தது. 2004 மே மாதம் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி வெளியிட்ட தேசிய குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் அத்தகையது. ஊரகக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்ற அதன் வாக்குறுதி, 2005-இல் சட்டமாகி, 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி முதல் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. வேலை கேட்ட 15 நாள்களுக்குள் வழங்காவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்று அச்சட்டம் கூறியதால், வாக்குறுதி ஓர் உரிமையாக மாறியது. இம்முறை அத்தகைய கூட்டு ஆவணம் எதுவும் வெளியிடப்படவில்லை. ஏப்ரல் 14-ஆம் தேதி வெளியான பாஜகவின் தேர்தல் அறிக்கையும், ஜூலை 23-ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட பட்ஜெட்டுமே வாக்காளர்களின் கையில் உள்ள அளவுகோல்கள்.

வீடு: பட்டியலும் தொகையும்

ஜூன் 10-ஆம் தேதி நடைபெற்ற முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே, பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின்கீழ் கூடுதலாக 3 கோடி வீடுகள் கட்டுவதற்கு உதவ முடிவு செய்யப்பட்டது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி இதற்கு விரிவான ஒப்புதல் வழங்கப்பட்டது. ஊரகப் பகுதிகளில் 2028-29 நிதியாண்டு வரையிலான ஐந்து ஆண்டுகளில் ரூ.3.06 லட்சம் கோடி செலவில் 2 கோடி வீடுகளும், நகர்ப்புறங்களில் 1 கோடி வீடுகளும் இதில் அடங்கும். தேர்தல் வாக்குறுதி ஒன்று, இரண்டு மாதங்களில் நிதி மதிப்பீட்டுடன் கூடிய முடிவாக மாறியது பாராட்டத்தக்கது.

எனினும், ஊரகப் பயனாளிகள் இரண்டு விஷயங்களை விவாதிக்கின்றனர். முதலாவது, தொகை. சமவெளிப் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், மலைப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ரூ.1.30 லட்சம் என்பது 2016-இல் திட்டம் தொடங்கப்பட்டபோது நிர்ணயிக்கப்பட்டது. சிமென்ட், கம்பி, செங்கல், கூலி ஆகிய அனைத்தும் எட்டு ஆண்டுகளில் உயர்ந்துள்ள நிலையில், உதவித் தொகை மட்டும் மாறவில்லை. மீதத் தொகைக்குக் கடன் வாங்க வசதியில்லாத குடும்பமே இத்திட்டத்துக்கு மிகவும் தகுதியானது. வீட்டைப் பாதியில் நிறுத்தும் நிலைக்கு ஆளாவதும் அதே குடும்பம்தான்.

இரண்டாவது, பட்டியல். 2024 வரை பயனாளிகள் தேர்வு செய்யப்பட்டது 2011-ஆம் ஆண்டின் சமூக-பொருளாதார, ஜாதிவாரிக் கணக்கெடுப்பையும், 2018-இல் நடத்தப்பட்ட கூடுதல் கணக்கெடுப்பையும் அடிப்படையாகக் கொண்டே. குடும்பத்தில் இரு சக்கர மோட்டார் வாகனம் இருந்தாலோ, ஒருவரின் மாத வருமானம் ரூ.10,000-ஐத் தாண்டினாலோ தகுதி இல்லை என்ற நிபந்தனை நீண்ட காலமாக இருந்தது. பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளி, மண் வீட்டில் வசித்தபோதும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 2024 செப்டம்பரில் அந்த வாகன நிபந்தனை நீக்கப்பட்டு, வருமான வரம்பு ரூ.15,000-ஆக உயர்த்தப்பட்டது. விடுபட்டவர்களைச் சேர்ப்பதற்கான புதிய கணக்கெடுப்புக்கும் செப்டம்பர் 17-ஆம் தேதி செயலி தொடங்கப்பட்டுள்ளது. 3 கோடி என்ற எண்ணைவிட, யாருக்கு என்ற இந்தத் திருத்தமே கிராமங்களில் அதிக விளைவை ஏற்படுத்தக்கூடியது.

வேலை: 4.1 கோடியின் உட்பிரிவுகள்

வேலைவாய்ப்புக்காக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஐந்து திட்டங்களுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.2 லட்சம் கோடி ஒதுக்கப்படுகிறது; 4.1 கோடி இளைஞர்கள் பயன்பெறுவர் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தெரிவித்தார். பட்ஜெட்டுக்கு முதல் நாள் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை, 2030 வரை விவசாயம் சாராத துறைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78.5 லட்சம் வேலைகள் தேவை என்று மதிப்பிட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அது 3.9 கோடி. இரண்டு எண்களும் ஏறக்குறைய பொருந்திவருவதுபோலத் தோன்றும்.

ஆனால், 4.1 கோடியைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. இதில் 1 கோடி பேர், 500 முன்னணி நிறுவனங்களில் மாதம் ரூ.5,000 உதவித் தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி பெறுவோர். 20 லட்சம் பேர் திறன் பயிற்சி பெறுவோர். 2.1 கோடி பேர் முதல்முறையாக அமைப்புசார் வேலையில் சேர்ந்து, அதிகபட்சம் ரூ.15,000 வரை ஒரு மாத ஊதியத்தை அரசிடமிருந்து பெறுவோர். எஞ்சிய 80 லட்சம் பேர், கூடுதலாக ஆள்களை நியமிக்கும் நிறுவனங்களுக்கு வழங்கப்படும் ஊக்கத்தொகையின் கீழ் வருவோர். அதாவது, 1.2 கோடி இடங்கள் பயிற்சிக்கானவை. 2.1 கோடி பேருக்குரிய உதவி, ஏற்கெனவே வேலை கிடைத்தவருக்குச் செல்வது. புதிய வேலையை உருவாக்கத் தூண்டும் நேரடி ஊக்கம் 80 லட்சம் பேருக்குரியது.

பயிற்சியும் முதல் ஊதிய உதவியும் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அனுபவம் இல்லாததால் வேலை மறுக்கப்படும் பட்டதாரிக்கு ஓராண்டுப் பயிற்சி ஒரு வாசலைத் திறக்கக்கூடும். இருப்பினும், பயன்பெறுவோர் என்ற சொல்லும் வேலை பெறுவோர் என்ற சொல்லும் ஒன்றல்ல என்பதை இளைஞர்கள் அறிவர். உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 48 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். வினாத்தாள் கசிவால் பிப்ரவரியில் நடைபெற்ற தேர்வு ரத்தாகி, ஆகஸ்டில் மீண்டும் நடத்தப்பட்டது. நீட் தேர்வு சர்ச்சையும், ஜூன் 18-இல் நடைபெற்ற யுஜிசி-நெட் தேர்வு மறுநாளே ரத்தானதும் புதிய அரசின் முதல் மாதத்தை உலுக்கின. தேர்வு முறைகேடுகளுக்கு எதிரான சட்டம் ஜூன் 21-ஆம் தேதி அமலுக்கு வந்துள்ளது. புதிய வேலை வாக்குறுதிகளுக்கு முன்னதாக, இருக்கும் பணியிடங்களுக்கு உரிய காலத்தில் நேர்மையாகத் தேர்வு நடத்தப்படுமா என்பதே இந்த இளைஞர்களின் முதல் எதிர்பார்ப்பு.

முதியோர் காப்பீடு: பட்டியல் தேவைப்படாத வாக்குறுதி

70 வயதும் அதற்கு மேலும் நிரம்பிய அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு வழங்க செப்டம்பர் 11-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 4.5 கோடி குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோர் பயன்பெறுவர். தேர்தல் அறிக்கையின் முக்கிய வாக்குறுதிகளில் ஒன்று இது.

மற்ற திட்டங்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. ஏழை யார் என்பதைத் தீர்மானிக்கும் பழைய பட்டியல் இதற்குத் தேவையில்லை. வயதுக்கான சான்று போதும். எனவே, விடுபடுவோருக்கான வாய்ப்பு குறைவு. விவாதம் எழுவது வேறு இடங்களில். தில்லி, மேற்கு வங்கம், ஒடிஸா ஆகியவற்றில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 செப்டம்பரில் நடைமுறையில் இருக்கவில்லை. அங்குள்ள முதியோருக்கு இந்த அறிவிப்பு எப்போது பொருள்படும் என்பது மத்திய, மாநில அரசுகளின் உடன்பாட்டைப் பொறுத்ததாக இருந்தது. மேலும், இத்திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளின் செலவு, முதியவரின் கைப்பணத்திலிருந்தே தொடர்ந்து போகும்.

குரல் உள்ளவர்களுக்குக் கிடைத்த திருத்தங்கள்

முதல் 100 நாள்களில் அரசு தனது முடிவுகளை மாற்றிக்கொண்ட நிகழ்வுகள் கவனத்துக்குரியவை. சொத்து விற்பனைக்கான மூலதன ஆதாய வரியில் பணவீக்கச் சரிக்கட்டல் சலுகையை பட்ஜெட் நீக்கியது. நடுத்தர வர்க்கத்தினரின் கடும் எதிர்ப்புக்குப் பின், ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீடுகளுக்குப் பழைய முறையையோ புதிய முறையையோ தேர்ந்தெடுக்கலாம் என்று இரண்டே வாரங்களில் திருத்தப்பட்டது. மத்திய அரசின் உயர் பதவிகள் 45-ஐ வெளியாள்களைக் கொண்டு நேரடியாக நிரப்ப ஆகஸ்ட் 17-ஆம் தேதி வெளியான விளம்பரம், இடஒதுக்கீடு இல்லை என்று கூட்டணிக் கட்சிகளே ஆட்சேபித்ததால் மூன்று நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. பழைய ஓய்வூதியம் கோரிப் போராடிய மத்திய அரசு ஊழியர்கள் 23 லட்சம் பேருக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஆகஸ்ட் 24-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது.

மகாராஷ்டிரத்தின் வெங்காய விவசாயிகளின் கோபம் மக்களவைத் தேர்தலில் வெளிப்பட்டது. நாசிக், திண்டோரி தொகுதிகளை ஆளும் கூட்டணி இழந்தது. வெங்காய ஏற்றுமதித் தடை தங்களைப் பாதித்ததை அக்கூட்டணியின் தலைவர்களே ஒப்புக்கொண்டனர். மாநில சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கிய நிலையில், செப்டம்பர் 13-ஆம் தேதி வெங்காயத்துக்கான குறைந்தபட்ச ஏற்றுமதி விலை நீக்கப்பட்டு, ஏற்றுமதி வரி 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதேசமயம், குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கோரி, பஞ்சாப்-ஹரியாணா எல்லையில் 2024 பிப்ரவரி முதல் முகாமிட்டிருந்த விவசாயிகளின் கோரிக்கை தீர்வின்றி நீடித்தது. நெல்லுக்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.117 உயர்த்தப்பட்டு ரூ.2,300 ஆக்கப்பட்டது மட்டுமே அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இவற்றைப் பின்வாங்கல் என்று எதிர்க்கட்சிகள் அழைக்கின்றன. மக்களின் குரலுக்குச் செவிசாய்ப்பது என்று ஆளும் தரப்பு அழைக்கிறது. எப்பெயரிட்டாலும், இதில் ஒரு பொதுத்தன்மை உண்டு. விரைவான திருத்தம் கிடைத்தது சங்கமோ, தொகுதிச் செல்வாக்கோ, ஊடக வெளிச்சமோ உள்ள பிரிவினருக்கே. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

விடுபட்டவர்களின் கணக்கு

இலவச உணவு தானியத் திட்டம், 2024 ஜனவரி 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ரூ.11.80 லட்சம் கோடி மதிப்பீட்டில் நீட்டிக்கப்பட்டது. தேர்தல் பிரசாரத்தில் மிக அதிகமாக ஒலித்த எண்களுள் ஒன்று இதன் 81.35 கோடிப் பயனாளிகள். இலவச அரிசி போதுமா, வேலை வேண்டுமா என்ற விவாதம் வாக்காளர்களிடையே தொடர்கிறது. வேலை நிச்சயமில்லாத குடும்பத்துக்கு அரிசியே அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்கும் கைத்தடி என்பதால், இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் இல்லாதவர்களின் நிலையே இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரக மக்களில் 75 சதவீதம், நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் பேர் வரை மானிய உணவு தானியத்துக்கு உரியவர்கள் என்று கூறுகிறது. மொத்தத்தில் இது மக்கள்தொகையில் ஏறத்தாழ 67 சதவீதம். 2011-இல் மக்கள்தொகை 121 கோடி என்பதால், உச்சவரம்பு 81.35 கோடியில் நின்றது. இன்று மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டியுள்ள நிலையில், அதே 67 சதவீதம் என்பது சுமார் 94 கோடி. வித்தியாசம் 12 கோடிக்கும் அதிகம். சட்டம் மாறவில்லை, எண்ணப்படாததால் உரிமை சுருங்கியிருக்கிறது. திருமணமாகித் தனிக் குடித்தனம் சென்றவர்கள், 2011-க்குப் பின் பிறந்த குழந்தைகள், பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் சென்றவர்கள் ஆகியோரே பெரும்பாலும் வெளியே நிற்கின்றனர். இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் குடும்ப அட்டை இல்லாத சுமார் 8 கோடி தொழிலாளர்களுக்கு அட்டை வழங்குமாறு உச்சநீதிமன்றம் மீண்டும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தானியப் பற்றாக்குறை இதற்குக் காரணம் என்று கூற இயலாது. 12 கோடி பேருக்கு மாதம் 5 கிலோ வீதம் வழங்க ஆண்டுக்கு 72 லட்சம் டன் தேவைப்படும். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசி கையிருப்பு மிகுந்திருந்ததால், எத்தனால் தயாரிப்புக்காக 23 லட்சம் டன் வரை வடிப்பாலைகள் வாங்கிக்கொள்ள 2024 ஆகஸ்ட் இறுதியில் அரசு அனுமதி அளித்தது. மானியச் செலவு கூடும் என்பது உண்மை. 2024-25 நிதியாண்டின் உணவு மானியமே ரூ.2.05 லட்சம் கோடி. ஆனால், அந்தச் செலவை ஏற்பதா என்பது வெளிப்படையாக எடுக்கப்பட வேண்டிய அரசியல் முடிவு. கணக்கெடுப்பு தள்ளிப்போவதால் தானாக நிகழும் சேமிப்பாக அது இருக்கக் கூடாது.

அறிவிக்கப்படாத வாக்குறுதி

1881 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்றுவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கரோனா தொற்றால் 2021-இல் தள்ளிவைக்கப்பட்டு, 2024 செப்டம்பர் வரை நடைபெறவில்லை. இதற்கான அறிவிப்பு விரைவில் வெளியாகும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 செப்டம்பரில் தெரிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்த ஆண்டின் பட்ஜெட் வேறு செய்தியைச் சொன்னது. 2019 டிசம்பரில் இப்பணிக்கு ரூ.8,754 கோடி ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தது. 2024-25 நிதியாண்டில் கணக்கெடுப்பு, புள்ளிவிவரப் பணிகளுக்கான ஒதுக்கீடு சுமார் ரூ.1,309 கோடி மட்டுமே.

உணவு மட்டும் இதைச் சார்ந்திருக்கவில்லை. மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் 2023-ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும். ஜாதிவாரிக் கணக்கெடுப்பை எதிர்க்கட்சிகள் மட்டுமின்றி ஆளும் கூட்டணியின் சில கட்சிகளும் கோரின. இத்தனை எதிர்பார்ப்புகளும் கணக்கெடுப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும் நாளுக்காகக் காத்திருந்தன.

தேர்தல் வாக்குறுதிகள் ஊழல் நடவடிக்கை ஆகா என்று, தமிழகத்தின் இலவசத் திட்டங்கள் தொடர்பான வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறை, வாக்குறுதிக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதை அறிக்கையில் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்கிறது. அதனுடன், பயனாளிகள் எந்த ஆண்டின் கணக்குப்படி தேர்வு செய்யப்படுவர் என்பதையும் கட்சிகள் கூற வேண்டும் என்று வாக்காளர்கள் கேட்பது நியாயமானது.

ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது குறித்த ராம்நாத் கோவிந்த் குழுவின் பரிந்துரைகளை அமைச்சரவை 2024 செப்டம்பர் 18-ஆம் தேதி ஏற்றது. செலவு குறையும், நிர்வாகம் தடைபடாது என்பது ஆதரவாளர்களின் வாதம். வெங்காய விவசாயிகளுக்குக் கிடைத்ததைப் போன்ற இடைக்காலத் திருத்தத்துக்கான வாய்ப்பு அப்போது என்னவாகும் என்பதும் எடைபோடப்பட வேண்டும்.

ஹரியாணாவில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி வாக்குப்பதிவு நடைபெற்றது. மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் மாநிலங்கள் அடுத்துத் தேர்தலைச் சந்தித்தன. மேடைகளில் மேலும் பல கோடிகள் அறிவிக்கப்படும். அரசின் அடுத்த பட்ஜெட் பிப்ரவரியில் தாக்கலாகும்போது, கணக்கெடுப்புக்கான ஒதுக்கீடு எவ்வளவு என்ற ஒரு வரியை வாக்காளர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் 12 கோடிப் பேருக்கான பதில் அந்த வரியில்தான் தெரியும்.